ஈஸ்டர் இன்னும் முடியவில்லை: அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் சபைகளில் மூப்பர்களாக இருக்கும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும்,

கிறிஸ்துவுக்குள் ஸ்தோத்திரம்.

திருநெல்வேலி, நாகர்கோவில், மதுரை, சென்னை என்று ஏதோ ஒரு சி.எஸ்.ஐ. திருமண்டலத்திலிருந்து அமெரிக்கா வந்தவர்கள் நீங்கள். பக்கத்தில் தமிழ்ச் சபை இல்லை என்றோ, பிள்ளைகளுக்குத் தமிழ் ஆராதனை புரியவில்லை என்றோ, வீட்டுக்கு அருகில் இருந்த பிரெஸ்பிட்டேரியன் கோவிலில் போய் உட்கார்ந்தீர்கள். நாலைந்து வருஷத்தில் அந்தச் சபையாரே உங்களை மூப்பராகவோ டீக்கனாகவோ (உதவி ஊழியராகவோ) தேர்ந்தெடுத்து, தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். நானும் அப்படி டீக்கன் ஆனவள்தான். செஷன், அதாவது சபையை நடத்தும் மூப்பர் குழு, கூடும்போது நம் ஆட்கள் என்ன செய்கிறோம் என்பது எனக்குத் தெரியும். போன கூட்டத்தின் மினிட்ஸ் சரி என்கிறோம். கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசினால் தலையாட்டுகிறோம். முடிவு ஜெபம் செய்யச் சொன்னால் மட்டும் அருமையாகச் செய்கிறோம். பள்ளி விடுமுறையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்கக் கோவில் ஹாலைத் திறக்கும்படி, வருகிற கூட்டத்தில் நீங்களே ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நம் சபைகளின் ஈஸ்டர் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பெரிய வியாழன் இரவு மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக அணைத்து வாசிக்கும் ஆராதனை. ஊரில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் பிரசங்கம் கேட்டு மும்மணி நேரம் உட்கார்ந்து பழகிய நமக்கு, பெரிய வெள்ளியன்று வேலைக்குப் போவது இன்னும் உறுத்தத்தான் செய்கிறது. அது கிடக்கட்டும். ஞாயிறன்று பீடத்தைச் சுற்றி வெள்ளை லில்லிகள், இறந்தவர்கள் நினைவாக யார் யார் கொடுத்தது என்று புல்லட்டினில் பெயர்ப் பட்டியல், டிரம்பெட், இடம் கிடைக்காமல் பின்னால் நிற்கும் ஜனம். அதற்கு முந்தின நாள் புல்வெளியில் பிளாஸ்டிக் முட்டை தேடல்; அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் வருகிறார்கள். வருஷாந்தர அறிக்கையில் "சமுதாய ஊழியம்" என்ற தலைப்பில் அதை எழுதிவிடுகிறோம்.

அடுத்த ஞாயிறு? பாடகர் குழுவுக்கு விடுமுறை, போதகருக்கு விடுமுறை, பாதிப் பெஞ்சு காலி. லெந்து (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) நாட்களில் ஏழைகளுக்கென்று நிரம்பி வழிந்த டின் உணவுப் பெட்டியையும் யாரோ ஓரமாகத் தள்ளிவைத்துவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் திருச்சபை நாட்காட்டியில் லெந்துவுக்கு நாற்பது நாள் என்றால் ஈஸ்டருக்கு ஐம்பது. 2026இல் ஏப்ரல் 5இல் தொடங்கி மே 24, பெந்தெகொஸ்தே வரைக்கும் ஈஸ்டர் காலம்தான். அந்த ஞாயிறுகளின் வாசிப்புகளைப் பாருங்கள். இரண்டாம் ஞாயிறு, ஆண்டு தவறாமல் இயேசுவின் சீடர் தோமா. பரங்கிமலைப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு அவர் கிட்டத்தட்ட ஊர்க்காரர். அவருக்குரிய ஞாயிற்றில் கோவில் காலியாகக் கிடப்பதில் எனக்குத் தனி வருத்தம் உண்டு. மூன்றாம் ஞாயிறு எம்மாவு ஊருக்கு நடந்துபோன இரண்டு சீடர்கள்: இயேசு அப்பத்தைப் பிட்டபோதுதான் அவர்கள் கண்கள் திறந்தன. வேறு ஆண்டுகளில் அதே ஞாயிற்றில் இயேசு பொரித்த மீன் கண்டத்தை வாங்கிச் சாப்பிடுகிறார், அல்லது கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்கிறார். நான்காம் ஞாயிறு, எல்லாவற்றையும் பொதுவாக வைத்து அனுபவித்த எருசலேம் சபை. உயிர்த்தெழுந்தவர் போகிற இடமெல்லாம் சாப்பாடு வருகிறது. நம் சபைகளிலோ சாப்பாட்டு ஊழியம் லெந்துவோடு முடிந்துவிடுகிறது.

"எங்கள் சபை மரபு அப்படி" என்று யாராவது சொன்னால், அந்த மரபைச் சற்று நினைவூட்டுங்கள். ஈஸ்டரையே வேண்டாம் என்று தள்ளியவர்கள் பிரெஸ்பிட்டேரியர்கள். ஜேம்ஸ் மன்னர் 1618இல் பெர்த் நகரத்துச் சட்டங்கள் மூலம் ஈஸ்டரையும் கிறிஸ்துமஸையும் ஸ்காட்லாந்துச் சபை மேல் திணித்தார். 1638இல் கிளாஸ்கோவில் கூடிய பொதுச்சபை அவற்றைத் தூக்கியெறிந்தது. 1645இல் ஏற்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் ஆராதனை நெறிமுறை, வேதத்தில் ஆதாரமில்லாத பண்டிகை நாட்கள் தொடரக்கூடாது என்றே எழுதிவைத்தது. எழும்பூரில் 1821இல் திறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் கோவிலைக் கட்டியவர்களும் அந்த ஸ்காட்லாந்து வழி வந்தவர்கள்தான். அந்த ஓடை 1908இன் தென்னிந்திய ஐக்கிய சபையில் கலந்து, 1947இல் சி.எஸ்.ஐ.க்குள் வந்தது. ஆகவே லில்லியும் டிரம்பெட்டும் முட்டையும் இடையில் வந்து சேர்ந்தவை. அவற்றைச் சேர்த்துக்கொண்ட சபைக்கு ஒரு சாப்பாட்டு மேசையையும் சேர்க்க முடியும்.

ஈஸ்டரை ஒட்டி நம் சபைகள் எடுக்கும் ஒன் கிரேட் ஹவர் ஆஃப் ஷேரிங் காணிக்கையை நான் குறை சொல்லவில்லை. 1949 முதல் நடந்துவருவது. பேரிடர் நிவாரணத்துக்கும், பசி ஒழிப்புக்கும், ஏழைகள் தாங்களே நடத்தும் திட்டங்களுக்கும் அது போய்ச் சேருகிறது. பிள்ளைகள் மீன் வடிவ அட்டை உண்டியலில் சில்லறை போடுவதைப் பார்க்கும்போது எனக்கு அம்மாவின் பிடியரிசிக் கலயம் ஞாபகம் வரும். மிசோரமில் பிரெஸ்பிட்டேரியன் பெண்கள் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசி ஒதுக்கியே தங்கள் சபையின் ஊழியத்தைத் தாங்கினார்கள். கொடுப்பது நமக்குப் புதிதில்லை. ஆனால் அந்த உண்டியல் தொலைதூரத்துக்குப் போகிறது. கோவிலுக்கு நான்கு தெரு தள்ளி இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஜூன் மாதத்தில் என்ன நடக்கிறது என்று செஷன் அறைக்குள் யாரும் கேட்பதில்லை.

என்ன நடக்கிறது என்றால், பள்ளிக்கூடம் பூட்டுகிறார்கள். தென் மாநிலங்களில் மே கடைசியில், வடக்கே ஜூன் நடுவில். பள்ளி நாட்களில் அமெரிக்காவில் ஏறக்குறைய 3 கோடிப் பிள்ளைகள் பள்ளியில் மதியம் சாப்பிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் இலவசமாகவோ குறைந்த விலைக்கோ சாப்பிடுகிறவர்கள். சத்துணவு பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடுமுறைக்காக அரசின் கோடைக்கால உணவுத் திட்டம் ஒன்று இருக்கிறது. 18 வயது வரை யார் வந்தாலும் பெயர், வருமானம் எதுவும் கேட்காமல் சாப்பாடு. ஆனால் பள்ளியில் சாப்பிடும் பிள்ளைகளில் ஒரு சிறு பங்குதான் அங்கே வந்து சேருகிறது. காரணம் மிகச் சாதாரணம்: சாப்பாடு கொடுக்கும் இடம் நடந்து போகும் தூரத்தில் இல்லை, பள்ளிப் பேருந்து ஓடுவதில்லை, அம்மா வேலைக்குப் போய்விடுகிறாள். 2024 முதல் கோடைக்கென்று தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் 120 டாலர் மளிகை உதவி உண்டு, அதுவும் மாநில அரசு சேர ஒப்புக்கொண்டால்தான். மூன்று மாதத்துக்கு 120 டாலர் எத்தனை நாள் வரும் என்பது வால்மார்ட்டுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்.

இதில் ஒரு கோவில் செய்யக்கூடியது பலரும் நினைப்பதைவிடச் சுலபம். நாம் சமைக்க வேண்டியதில்லை, கணக்கு எழுதி அரசுக்கு அனுப்ப வேண்டியதும் இல்லை. அதற்கு ஸ்பான்சர் என்று ஓர் அமைப்பு இருக்கும். பெரும்பாலும் உள்ளூர்ப் பள்ளி மாவட்டமோ (அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) வட்டார உணவு வங்கியோ. அவர்கள் பொட்டலம் கொண்டுவருவார்கள். கோவில் கொடுக்க வேண்டியது ஹால், கழிப்பறை, குளிர்சாதனப் பெட்டி, வார நாட்களில் இரண்டு மணி நேரம் நிற்க நான்கைந்து பேர். அருகிலுள்ள பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்குமேல் இலவச, சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்றிருந்தால் அந்த வட்டாரம் பொதுவாகத் தகுதி பெற்றுவிடும். உங்கள் கோவில் அதற்குள் வருமா என்று பள்ளி மாவட்டத்தின் உணவுப் பிரிவுக்கு ஒரு போன் போட்டால் சொல்லிவிடுவார்கள். நகரங்களில் பிள்ளைகள் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது விதி. எனக்கு அந்த விதி பிடிக்கும். ஹாலில் பிள்ளைகளின் சத்தம் இருக்கும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் இதில்தான் சறுக்குவார்கள். சாப்பாட்டுக்கு நிபந்தனையாக ஜெபமோ பாட்டோ வைக்க முடியாது. கைப்பிரதி கொடுத்தால்தான் ஊழியம் என்று நினைக்கிற அண்ணாச்சிமார் தயவுசெய்து திருநெல்வேலி அசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய அண்டாக்களில் சோறும் கறிக்குழம்பும் வெந்துகொண்டிருக்க, ஊரே பந்தியில் உட்காரும். யார் கோவிலுக்குப் போகிறவன், யார் பள்ளிவாசலுக்குப் போகிறவன் என்று இலை போடுகிறவன் கேட்டதுண்டா?

செஷனில் எழும்பும் ஆட்சேபங்களும் எனக்குப் பாடம். "இன்சூரன்ஸ்" என்பார் ஒருவர். வேண்டியதுதான், பாலிசியை எடுத்துப் பாருங்கள். "பிள்ளைகள் பாதுகாப்பு" என்பார் இன்னொருவர். நியாயமான கேள்வி, நம் சபைச் சட்டப்படி ஒவ்வொரு செஷனும் அதற்கென எழுத்துமூலக் கொள்கை வைத்திருக்க வேண்டும், தன்னார்வலர்களின் பின்னணியைச் சரிபார்ப்பது பெரும்பாலும் அதிலேயே வரும். "கோடையில் ஆள் இருக்காது" என்பதுதான் உண்மையான தடை. ஊருக்குப் போக டிக்கெட் போட்டிருக்கும் நாமும் அந்தப் பட்டியலில் இருக்கிறோம். ஆனால் பேரப்பிள்ளைகளைப் பார்க்க விசாவில் வந்து, பகலெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் நம் அப்பா அம்மாக்கள் இருக்கிறார்களே! ஒரு மேசையைத் துடைத்து, ஒரு பிள்ளைக்குப் பால் பாக்கெட் எடுத்துக் கொடுக்க ஆங்கிலம் எவ்வளவு வேண்டும்?

பணத்துக்கும் வழி இருக்கிறது. பெந்தெகொஸ்தே காணிக்கையில் 40 சதவீதத்தைத் தன் ஊரில் கஷ்டத்திலிருக்கும் பிள்ளைகளுக்காகச் சபையே வைத்துக்கொள்ளலாம். பல சபைகள் அதை எங்கே செலவழிப்பது என்று யோசிக்காமலே விட்டுவிடுகின்றன. மே 24இல் காணிக்கை எடுத்தால், பள்ளி பூட்டுகிற வாரத்தில் கையில் இருக்கும். அரசுத் திட்டம் தொடாத இடங்களுக்கு, அதாவது சனி ஞாயிறுகளுக்கும், பிள்ளையோடு வரும் பெரியவர்களின் சாப்பாட்டுக்கும், அதைப் பயன்படுத்துங்கள்.

இதை ஏன் தமிழர்களிடம் கேட்கிறேன் என்றால், அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம் இருப்பதால். 2026இன் ஈஸ்டர் கால வாசிப்பில் அது வரவில்லை; ஐந்தாம் ஞாயிறே ஸ்தேவான் கல்லெறிபட்டுச் சாகிற கதைக்குத் தாண்டிவிடுகிறார்கள். நீங்களே எடுத்து வாசியுங்கள். எருசலேம் சபையில் கிரேக்க பாஷை பேசிய கூட்டத்தார், தங்கள் விதவைகள் அன்றாட விசாரணையில் விடுபடுகிறார்கள் என்று முறுமுறுத்தார்கள். பந்தி விசாரிக்க ஏழு பேரைத் தெரிந்துகொண்டார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களின் பக்கத்து ஆட்களிடமே பந்தி போனது. உங்களைத் தேர்ந்தெடுத்த அமெரிக்கச் சபைக்கு இந்தக் கதை தெரியும். உங்கள் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாமலே அவர்கள் உங்களுக்கு ஓட்டுப் போட்டார்கள். மூன்று வருஷப் பதவிக்காலம் முழுக்கத் தலையாட்டிக்கொண்டே போக்கிவிடாதீர்கள்.

ஸ்பான்சர்கள் தங்கள் இடப் பட்டியலைப் பெரும்பாலும் வசந்தத்திலேயே முடித்துவிடுவார்கள். ஆகவே போனை இந்த வாரமே போடுங்கள். அடுத்த செஷன் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி கிளார்க்குக்கு எழுதிக் கொடுங்கள். கோவில் ஹாலை எதற்குக் கொடுப்பது என்பது செஷனின் கையில்தான் இருக்கிறது. டீக்கன்மாரில் ஒருவரையாவது முன்கூட்டியே உங்கள் பக்கம் பேசி வையுங்கள். இந்த ஆண்டுக்குத் தாமதமாகிவிட்டது என்று சொன்னால், ஏற்கெனவே நடக்கும் ஓர் இடத்துக்கு ஆள் அனுப்பிப் பழகிக்கொண்டு, அடுத்த முட்டை தேடலின்போது வரும் ஒவ்வொரு தாயின் கையிலும் கோடைச் சாப்பாடு எங்கே, எத்தனை மணிக்கு என்று ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் அச்சடித்த ஒரு தாளைக் கொடுங்கள்.

லில்லிகளைப் பற்றிச் சண்டை போட வேண்டாம். அது அவர்களுடைய செத்துப்போன அம்மாக்களின் பெயர்ப் பட்டியல்.

இப்படிக்கு,
உங்களைப் போலவே கைவைத்து ஏற்படுத்தப்பட்ட ஒரு டீக்கன்