லைன்அப் எழுதுற மேனேஜர் சார்களுக்கு: வேகமா ஓடுறான்னு முதல்ல எறக்காதீங்க

அமெரிக்க பேஸ்பால் மேஜர் லீக்ல லைன்அப் (பேட்டிங் வரிசை) எழுதுற மேனேஜர் சார்களுக்கு வணக்கம்.

நான் கிரிக்கெட் பாத்து வளர்ந்தவன், பேஸ்பால் லேட்டா ஒட்டிக்கிட்ட வியாதி, உங்களுக்கு பாடம் எடுக்க தகுதி இருக்கான்னு கேட்டா இல்லதான். ஆனாலும் ஒவ்வொரு சீசனும் உங்கள்ல யாராவது ஒருத்தர் "பையன் செம ஸ்பீடு"ன்னு பேஸுக்கே போகத் தெரியாத ஆளை லீட்ஆஃப்ல, அதாவது முதல் பேட்டரா, எறக்கி விடுறீங்க, பாத்துட்டு சும்மா இருக்க முடியல.

ரெண்டாவது பேஸை திருடணும்னா, அதாவது கூட்டாளி பந்தை அடிக்கிறதுக்கு முன்னாடியே ஓடிப் போய் புடிக்கணும்னா, முதல்ல ஒண்ணாவது பேஸுக்கு போயிருக்கணும்ல சார்?

செயின்ட் லூயிஸ்ல வின்ஸ் கோல்மன்னு ஒருத்தர் இருந்தாரே, காத்து மாதிரி ஓடுவார். 1986ல 107 பேஸ் திருடினார், ஆன்-பேஸ் .301, அதாவது நூறு தடவை பேட் புடிச்சா முப்பது தடவைதான் பேஸுல நின்னார், எடுத்தது 94 ரன். அடுத்த வருஷம் 109 திருடினார், கால் அதே கால்தான், ஆனா ஆன்-பேஸ் .363 ஆச்சு, ரன் 121! கூட வந்த 27 ரன்னும் அந்த ரெண்டு எக்ஸ்ட்ரா திருட்டுலயா வந்துச்சு?

இன்னொரு கணக்கு. 162 மேட்ச், ஒன்பது பேட்டர், கடைசி அவுட் யார் தலையில விழும்னு பாத்தா சுமாரா எல்லாருக்கும் சமமா பிரியும், அதனால லைன்அப்ல ஒரு படி கீழ போனா சீசனுக்கு ஏறக்குறைய 18 பேட்டிங் போச்சு. முதல் இடம்தான் அதிகமா ஆடுற இடம். அங்க சுலபமா அவுட் ஆகுற ஆளை வைக்கிறது என்ன நியாயம்?

இப்ப கைல் ஷ்வார்பர். தாடியும் கட்டை உடம்புமா பாத்தா மூட்டை தூக்க வந்தவர் மாதிரி இருப்பார், 2023ல ஃபிலடெல்பியா டீமான பில்லீஸ் அவரைத்தான் பெரும்பாலும் முதல்ல எறக்குச்சு. பேட்டிங் ஆவரேஜ் .197, ஸ்ட்ரைக்அவுட் (மூணு ஸ்ட்ரைக் வாங்கி அவுட்) 215, ஊரே சிரிச்சுது. ஆனா 126 வாக் (எல்லைக்கு வெளிய வந்த நாலு பந்தை அடிக்காம விட்டதுக்கு கெடைச்ச ஃப்ரீ பேஸ்), 47 ஹோம்ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி), ஆன்-பேஸ் .343. நம்ம முரளி விஜய் 2014ல ட்ரென்ட் பிரிட்ஜ்ல 146 அடிச்சப்போ ஆஃப் ஸ்டம்புக்கு வெளிய வந்த பந்தை எல்லாம் பொறுமையா விட்டுட்டே இருந்தாரே, அந்த பொறுமைக்கு கிரிக்கெட்ல கைதட்டல்தான் கெடைக்கும், பேஸ்பால்ல அப்படி வெளிய வர்ற நாலு பந்தை விட்டா ஒரு பேஸே ஃப்ரீயா குடுக்கிறாங்க. ரிக்கி ஹென்டர்சன்னா எல்லாருக்கும் அந்த 1,406 திருட்டுதான் ஞாபகம் வரும், அவர் வாங்குன 2,190 வாக்கை ஒருத்தரும் பேசறதில்ல, கூனிக் குறுகி நின்னு ஸ்ட்ரைக் ஜோனையே (பந்து ஸ்ட்ரைக்னு எண்ணப்படுற எல்லை) சோப்பு டப்பா சைஸுக்கு ஆக்கிடுவார் மனுஷன்.

"இவ்ளோ ஹோம்ரன் அடிக்கிறவனை முதல்ல போட்டா முன்னாடி பேஸ்ல ஆள் இல்லாம ஒரு ரன்னோட வீணாப் போகுமே"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான், 2023 அக்டோபர் 16 அன்னிக்கு அரிசோனாவோட மேட்ச்ல அவங்க பிட்சர் கேலன் போட்ட முதல் பந்தையே ஷ்வார்பர் தூக்கி வெளிய போட்டார், ஒத்த ரன்தான், ஆனா ஸ்டேடியம் அதிர்ந்துச்சு. (அந்த சீரீஸ்ல பில்லீஸ் ஏழாவது மேட்ச்ல தோத்துட்டாங்க, அதுக்கு லீட்ஆஃப் என்ன பண்ணுவார்.) பேஸ் காலியா இருக்கும்னு கேரண்டி இருக்கிறது அந்த முதல் தடவைக்கு மட்டும்தான். அதுக்கப்புறம் அவருக்கு முன்னாடி எட்டு, ஒன்பதாவது ஆளுங்க வராங்க, 2022லேர்ந்து மேஜர் லீக்ல ஒரு பாதியான நேஷனல் லீக்லயும் பந்து வீசுற பிட்சர் பேட் புடிக்கிறதில்ல, அங்கயும் நெஜமான பேட்டர்தான். டாட்ஜர்ஸ் டீமோட மூக்கி பெட்ஸ் 2023ல லீட்ஆஃப்ல ஆடியே நூறு ரன்னுக்கு மேல உள்ள கொண்டு வந்தார். மறு வருஷம் அவர் கை உடைஞ்சதும் டாட்ஜர்ஸ் அந்த இடத்துல ஓட்டானியையே எறக்குனாங்க, இருக்கிறதுலயே நல்ல பேட்டரை!

வேகமான பையனை வேணாம்னு சொல்லல, ஒன்பதாவதா போடுங்க, ஷ்வார்பர் மாதிரி ஆள் பின்னாடி வரும்போது அவன் ஓட்டத்துக்கும் மரியாதை கெடைக்கும். அதுவும் நாலு தடவை ஓடுனா மூணு தடவையாவது மாட்டாம இருந்தாத்தான் லாபம், சும்மா ஓட விடாதீங்க.

அடுத்த தடவை லைன்அப் எழுத உக்காரும்போது ஸ்டாட்ஸ் பேப்பர்ல பேட்டிங் ஆவரேஜ் இருக்கிற கட்டத்தையும் திருட்டு இருக்கிற கட்டத்தையும் கையால மறைச்சுக்கோங்க. மிச்சம் தெரியறதுல ஆன்-பேஸ் மட்டும் பாத்து முதல் பேரை எழுதுங்க சார்.

இப்படிக்கு,
ராத்திரி தூங்காம மேட்ச் பாக்கிற ஒருத்தன்