ஒரு ஊசியோடு முடிகிற விஷயமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், குட்டி நாய் வாங்கியிருக்கும் வாசகர் ஒருவருக்கு இப்படிப் பதில் சொல்லியிருக்கிறீர்கள்: "வீட்டுக்குள்ளேயே வளரும் நாய்தானே, குட்டியில் ஒரு ஊசி போட்டால் போதும், பிறகு கவலை வேண்டாம்." மூன்று நாளாக இந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. தயவுசெய்து இந்தக் கடிதத்தையாவது முழுக்கப் படியுங்கள்.

இதே நம்பிக்கையில் நான் ஒரு குட்டியைப் பறிகொடுத்தவள். கருப்புக் குட்டி, நெற்றியில் மட்டும் வெள்ளை. ஆறாவது வாரத்தில் முதல் தடுப்பூசி போட்டோம். அடுத்த தேதியை மருத்துவர் அட்டையில் எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு வீட்டில் விருந்தாளிகள். ஒன்றுதான் போட்டாச்சே, வெளியே போகாத குட்டிதானே, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பதினோராவது வாரம், ஒரு நாள் காலையில் சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மதியம் வாந்தி. இரவுக்குள் ரத்தமாகக் கழிந்தது. பார்வோ என்ற வைரஸ் நோய். அந்த நாற்றம் அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டிரிப்ஸ் ஏற்றினார்கள், இரண்டு நாள் கூடவே உட்கார்ந்திருந்தோம். நான்காம் நாள் விடியும் முன் என் மடியிலேயே போய்விட்டது.

வாசலைத் தாண்டாத குட்டி ஐயா அது. எங்கள் செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்றார் மருத்துவர். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில், ஒரு வருடம்கூட உயிரோடு கிடக்கும். சாதாரண சோப்புத் தண்ணீருக்குச் சாகாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். இதையெல்லாம் குட்டி போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

முதல் ஊசி ஏன் காப்பாற்றவில்லை என்று அழுதுகொண்டே கேட்டேன். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். தாயின் சீம்பாலில் குட்டிக்கு எதிர்ப்புச் சக்தி வருகிறது. அது இருக்கும் வரை நோயைத் தடுக்கும், ஆனால் நாம் போடும் ஊசியையும் வேலை செய்யவிடாது. ஒரு குட்டிக்கு அது எட்டாவது வாரத்தில் வடியும், இன்னொன்றுக்குப் பதினான்கு வாரம் ஆனாலும் வடியாது. எந்தக் குட்டிக்கு எப்போது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஆறிலிருந்து எட்டாவது வாரத்துக்குள் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். கடைசி ஊசி 16 வாரம் முடிந்த பிறகு விழ வேண்டும். பலர் தவறவிடுவது அந்தக் கடைசி ஊசியைத்தான். அப்புறம் ஆறு மாதத்திலோ ஒரு வயதிலோ ஒரு பூஸ்டர். இவ்வளவையும் "ஒரு ஊசி போதும்" என்று சுருக்கிவிட்டீர்களே.

இது முதல் முறையும் இல்லை. போன வருடம் உங்கள் இதழில் ஒரு பெரியவர், "அந்தக் காலத்தில் நாய்க்கு ஊசியா போட்டோம், எல்லாம் நன்றாகத்தானே இருந்தன" என்று எழுதினார். நாய்களில் பார்வோ கண்டறியப்பட்டதே 1978இல்தான், அவர் சொல்லும் காலத்தில் அந்த நோயே இல்லை என்று உடனே எழுதி அனுப்பினேன். அதை வெளியிடவில்லை. சரி, இடம் இல்லாமல் இருந்திருக்கும். அதற்கும் முன்னால், இரண்டு மாதக் குட்டி பூங்காவில் முன்பின் தெரியாத நாய்களோடு மூக்கை உரசும் படத்தை அட்டையில் போட்டீர்கள். அழகான படம்தான். ஊசி முடியாத குட்டியைப் பொதுத் தரையில் விடக் கூடாது என்று உள்ளே ஒரு வரி எழுதியிருந்தால் குறைந்தா போயிருக்கும்?

வளர்ந்த நாய்க்கு வருடா வருடம் எல்லா ஊசியும் தேவையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. குட்டியில் முறையாகப் போட்டு, பூஸ்டரும் முடித்த நாய்க்கு டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி ஊசிகள் மூன்று வருடத்துக்கு ஒரு முறை போதும் என்பதை இன்று மருத்துவர்களே ஏற்கிறார்கள். ஆனால் எலிக்காய்ச்சல் ஊசியின் பலன் சீக்கிரம் குறைந்துவிடும், அதை வருடந்தோறும் போட வேண்டும். ரேபிஸ் ஊசிக்கு, மருந்தையும் அந்தந்த ஊர்ச் சட்டத்தையும் பொறுத்து, ஒரு வருடமோ மூன்று வருடமோ கணக்கு. இதில் வீட்டு நாய், தெரு நாய் என்ற பேதமே கிடையாது. மனிதருக்கு வரும் ரேபிஸில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய் மூலம் வருவது. அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. இது உங்களுக்குத் தெரியாததல்ல. நாய்க்கடிச் செய்திகளை நீங்கள்தானே பெரிய எழுத்தில் போடுகிறீர்கள்? கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று அந்தச் செய்திகளில் ஒரு முறைகூட நான் படித்ததில்லை.

நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த இதழில் அதே பக்கத்தில், கண்ணில் படும் இடத்தில், நான்கு வரித் திருத்தம் போடுங்கள். இனிமேல் அந்தப் பகுதி அச்சுக்குப் போகும் முன் ஒரு கால்நடை மருத்துவர் படித்துப் பார்க்கட்டும்.

கேள்வி கேட்டவர் தன் குட்டிக்கு ஏழு வாரம் என்று எழுதியிருந்தார். அடுத்த இதழ் அவர் கைக்குப் போகும்போது ஒன்பது வாரம் ஆகியிருக்கும். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி