ரோஸ்கோனில் அவரைக்கொட்டை இருந்தது

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் பண்டிகை, ஜனவரி 6, முடிந்து இரண்டு நாள்தான் ஆகிறது. ஊர்வலத்தில் ராஜா வேஷம் போட்ட மூவரும் வாரி இறைத்த மிட்டாய் இன்னும் நம் தெருவோரம் ஒட்டிக் கிடக்கிறது. அதற்குள் மாட்ரிட்டில் இந்தப் பேட்டை முழுக்க ஒரே பேச்சு: பண்டிகைக்குச் சுடும் வளைய ரொட்டியான எங்கள் ரோஸ்கோனில் இந்த வருஷம், வழக்கமாக உள்ளே ஒளித்து வைக்கும் அவரைக்கொட்டையே இல்லையாம்.

5ஆம் தேதி வரிசை வாசலைத் தாண்டிப் போனது என்றால் ஒப்புக்கொள்கிறோம். மாவு பிசைகிறவர் நவம்பரில் வேலையை விட்டுப் போய்விட்டார். உங்களைக் குளிரில் நிற்க வைத்ததற்கு மன்னிக்க வேண்டும். ஆனால் கொட்டை போடவில்லை என்றால் எப்படி?

ஆரஞ்சுப்பூ நீர் விட்டுப் பிசைந்த மாவை இரவெல்லாம் பொங்கவிட்டு, வளையமாகச் சுட்டு, ஆறிய பிறகுதான் அடியிலிருந்து செருகுகிறோம். கொட்டையோடு ஒளித்து வைக்கும் குட்டிப் பொம்மை ஒரு பக்கம், கொட்டை நேர் எதிர்ப்பக்கம். க்ரீம் வைக்கக் குறுக்கே அறுக்கும்போதும் இரண்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்போம். இந்த வருஷம் அந்த வேலையை வேறு யாரிடமும் விடாமல் என் மனைவியே செய்தார். எண்ணி வைத்த கொட்டை டப்பா 6ஆம் தேதி மதியம் காலி. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

யாரையும் குற்றம் சொல்லவில்லை. பொம்மை கிடைத்தவருக்குக் காகிதக் கிரீடம், கொட்டை கிடைத்தவர் ரோஸ்கோனுக்குக் காசு தர வேண்டும். பொம்மையைக் காணோம் என்று இதுவரை ஒருவரும் வரவில்லை, கொட்டை மட்டும்தான் காணாமல் போகிறது. சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிற மாமனார்கள் உண்டு. எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார்.

சரி, அது போகட்டும். பிள்ளைகளைத் தூங்க வைத்து, ராத்திரி ராஜாக்கள் பரிசு வைப்பதற்காகக் காலணிகளை வரிசையாக வைத்து, அவர்களுடைய ஒட்டகங்களுக்குத் தண்ணீரும் வைத்துவிட்டு, கடை மூடும் நேரத்தில் குறும்புப் பிள்ளைகளுக்கு வைக்கும் கரித்துண்டு போன்ற மிட்டாயான சர்க்கரைக் கரி வாங்க ஓடிவந்த அப்பாக்களே, நீங்கள் வந்ததில் அன்றைய களைப்பே போய்விட்டது. வரிசையில் நின்றபடியே எங்கள் பையனுக்குக் காபி வாங்கிக் கொடுத்த அக்காவுக்கும் நன்றி.

வனத்து அந்தோணியார் திருநாளான சான் அந்தோன் வரை பண்டிகைதான் என்று இங்கே சொல்வார்களே, அதனால் 17ஆம் தேதி வரை ரோஸ்கோன் சுடுவோம். வேண்டுமென்றால் உங்கள் கண் முன்னாலேயே கொட்டையைச் செருகித் தருகிறோம். அப்புறம், முட்டையும் வெண்ணெயும் விற்கிற விலையில் அரைக் கிலோவுக்கு 2 யூரோ கூடுகிறது, ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது.

அன்புடன்,
உங்கள் மூலைக்கடைக்காரர்