ஜெனிக்கு எழுதியது, உனக்கும்

பாளையங்கோட்டை,
ஞாயிறு மாலை.

கர்த்தருக்குள் அன்பான மகன் ஜோயலுக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

அப்பாவும் நானும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனாலும் கருப்பட்டிக் காப்பியை விட மாட்டேன் என்கிறார். நீ போன் பண்ணி மூன்று ஞாயிறு ஆகிவிட்டது. வேலை இருக்கும், தெரியும். மற்ற செய்தியெல்லாம் கடைசியில் எழுதுகிறேன்.

ஜெனியை வாலிபர் தலைவர்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மினாகப் போட்டவனே நீதான். அவளுக்கு ஒன்றும் தெரியாது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இத்தனை வருஷம் செயலாளராக இருந்தவள் என்ற முறையில் அவளுக்காக ஒரு நோட்டில் சிலது எழுதிவைத்தேன். உனக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். உனக்குத் தேவைப்படாது, ஆனாலும் படி.

முதலில் நேரம். ராத்திரி பத்து மணிக்கு மேல் குழுவில் எதுவும் எழுதக்கூடாது. பத்து மணிக்கு ஒரு அட்மின் செட்டிங்ஸில் போய், அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பலாம் என்று மாற்றிவிட்டு, காலை ஆறு மணிக்குத் திறந்துவிட வேண்டும். அதைக் கையால்தான் செய்ய வேண்டும் என்பதால், மூன்று அட்மினும் வாரத்துக்கு ஒருவராக முறை வைத்துக்கொள்ளுங்கள். பூட்டியவனே உள்ளே உட்கார்ந்து எழுதினால் பூட்டி என்ன பிரயோஜனம்? பத்து மணிப் பூட்டு முதலில் அட்மினுக்குத்தான்.

கோவில் வாசலில் நின்று பேசினால் எதிரே இருப்பவன் முகம் சுருங்குவதைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொள்வோம். எழுத்தில் அது கிடையாது. வாசிக்கிறவன் அந்நேரம் தன் மனதில் என்ன குரல் ஓடுகிறதோ அந்தக் குரலில்தான் வாசிப்பான். ராத்திரியென்றால் பாயில் படுத்துக்கொண்டு தனியாக வாசிப்பான், ‘இவன் என்ன அர்த்தத்தில் சொல்கிறான்?’ என்று கேட்கப் பக்கத்தில் ஆள் இருக்காது. விடிவதற்குள் இருபது பேர் பதில் போட்டிருப்பார்கள். அனுப்பியதைத் திருத்த 15 நிமிஷம்தான் கிடைக்கும். எல்லோருக்கும் சேர்த்து அழிக்க இரண்டு நாளுக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். ஆனால் அழித்த இடத்தில் ‘அழிக்கப்பட்டது’ என்று எழுதி நிற்கும், பார்க்கிறவன் நீ எழுதாததையும் சேர்த்து நினைத்துக்கொள்வான். அதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்கள். எடுப்பார்கள் தம்பி, நம் ஊரில் எடுக்காமல் இருக்கமாட்டார்கள்.

அடுத்தது ‘சிலர்’ என்ற வார்த்தை. ‘சிலருக்கு ஊழியம் என்றால் மைக் பிடிப்பது மட்டும்தான்’ என்று ஒருவர் போடுவார். பெயர் இருக்காது, ஆனால் நாற்பது பேருக்கும் யாரென்று தெரியும். பெயர் சொல்லித் திட்டினாலாவது அவன் பதில் சொல்லலாம். இதற்குப் பதில் சொன்னால் ‘உன்னையா சொன்னேன்?’ என்பார்கள். குழுவில் ‘சிலர்’ வந்தால் அட்மின் உடனே அவரைத் தனியாகக் கூப்பிட்டு, யாரைச் சொல்கிறீர்கள், அவரிடம் நேரில் சொல்லியாயிற்றா என்று கேட்க வேண்டும். மத்தேயு 18:15-ல் கர்த்தர் சொன்ன வரிசை அதுதானே, ‘நீயும் அவனும் தனித்திருக்கையில்.’ அது ஆகாவிட்டால் இரண்டொருவர், அதற்கப்புறம்தான் சபை. நாம் தலைகீழாகச் சபையில் ஆரம்பித்துவிடுகிறோம்.

வசனத்தைக் கல்லாக எறிவதும் இதே ரகம். ஒருவன் ஏதோ சொல்லியிருப்பான், அதற்குக் கீழே வெறுமனே ‘மத்தேயு 7:1’ (மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள் என்பது) என்று எண்ணை மட்டும் போட்டுவிட்டுப் போவது. ‘உங்களுக்காக ஜெபிக்கிறேன் பிரதர்’ என்று முடிப்பது. குழுவில் சொல்ல முடியாததை ஸ்டேட்டஸில் வசனமாக வைப்பது. சண்டையை நடத்துகிறவர்களைவிட, அதற்குக் கீழே சிரிக்கிற பொம்மை போடுகிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. எழுதினவன் ஒருவன். அடி வாங்கினவன் எண்ணுவது அந்தப் பொம்மைகளைத்தான். ‘விறகில்லாமல் நெருப்பு அவியும்’ என்று நீதிமொழிகளில் இருக்கிறதே, அந்த விறகு இதுதான்.

ஜெப விண்ணப்பத்தில் இன்னும் கவனம் வேண்டும். கோள் சொல்ல நம்மிடம் இருக்கும் மிகப் பக்தியான வழி அது. சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமல் போடக்கூடாது. கேட்கும்போதும் ‘போடலாமா?’ என்று மட்டும் கேட்காமல், என்ன வார்த்தையில் போடலாம் என்று கேட்க வேண்டும். ‘ஒரு சகோதரியின் சுகத்துக்காக’ என்றால் ஆண்டவருக்குப் போதும். எந்த வார்டு, ஸ்கேனில் என்ன வந்தது, எந்த வீட்டுச் சம்பந்தம் நின்றுபோனது என்பதெல்லாம் ஜெபத்துக்குத் தேவையில்லை. ஜெபத்துக்கென்று தனிக் குழு வைத்து, ஏழு நாளில் செய்திகள் மறைகிற மாதிரி செட் பண்ணலாம் (24 மணி நேரம், ஏழு நாள், 90 நாள் என்று மூன்று இருக்கிறது). மறைந்துவிடும் என்று நம்பி எல்லாவற்றையும் கொட்டிவிடக் கூடாது, மறைவதற்குள் படம் பிடித்துவிடலாம். எட்டாம் நாள் விண்ணப்பம் தந்தவருக்கு யாராவது தனியாகப் போன் பண்ணி, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். இதை யாரும் செய்வதில்லை.

குழுவில் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். குழந்தையிலேயே ஞானஸ்நானமா வளர்ந்தபின் முழுக்கா, ஜெபத்தில் அந்நிய பாஷை பேசுவது, நகை போடலாமா என்று வருஷத்துக்கு இரண்டு தடவை கிளம்பும். தட்டச்சில் இது முடியவே முடியாது. ஒருவன் அடித்து முடிப்பதற்குள் பேச்சு வேறிடத்துக்குப் போயிருக்கும், ஐந்து பேர் ஐந்து வெவ்வேறு செய்திக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதனால் கேள்வியை ஒரே வரியில் எழுதி, ‘சனிக்கிழமை ஜூமில் பேசுவோம்’ என்று நிறுத்திவிட வேண்டும். சனிக்கிழமை ஆளுக்கு மூன்று நிமிஷம். தன் கட்சியைச் சொல்லுமுன் மற்றவன் கட்சியைச் சொல்ல வேண்டும், அவன் ‘ஆமா, நான் சொல்வது அதுதான்’ என்று தலையாட்டிய பிறகுதான் இவன் பதில். அப்படிச் செய்தால் பாதி நேரம் சண்டைக்கே இடமிருக்காது. இலவச ஜூம் 40 நிமிஷத்தில் துண்டித்துவிடும், ஜெபத்தைக் கடைசி ஐந்து நிமிஷத்துக்கு வைத்தால் ஆமென் சொல்வதற்குள் திரை அணைந்துவிடும். பாட்டை ஒருவர் பாட, மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுக் கூடப் பாடட்டும். எல்லோரும் திறந்துவைத்தால் சத்தம் முன்னும் பின்னுமாக வந்து கீர்த்தனை கந்தலாகிவிடும்.

பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளைத் தலைவர்கள் குழுவில் சேர்க்க வேண்டாம். அவர்களோடு தனி மெசேஜும் வேண்டாம், எப்போதும் இன்னொரு பெரியவர் சேர்ந்த குழுவில்தான் பேச வேண்டும். இதில் விவாதமே இல்லை.

அட்மின் பொறுப்பு என்று ஒன்று. கரூர் வழக்கறிஞர்களின் குழு ஒன்றில் வந்த பதிவைப் பற்றிய வழக்கில், வெறும் அட்மினாக இருந்ததற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. அப்பாதான் பேப்பரில் காட்டினார். மற்றவன் எழுதினதற்குச் சட்டம் அட்மினை விட்டுவிடும். அட்மினே எழுதினால்?

கணக்குக்கு வருகிறேன். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடப் போகிற கேரல் ரவுண்ட்ஸ் கணக்கில் வித்தியாசம் தெரிந்தால் குழுவில் கேட்கக் கூடாது. பொருளாளருக்குப் போன் போட்டு, நோட்டை எடுத்துவைத்துக்கொள்ளச் சொல்லி, வரவை வீடு வாரியாகவும் செலவைப் பில் வாரியாகவும் இரண்டு பேரும் சேர்ந்து கூட்ட வேண்டும். வழக்கமாக விடுபடுவது வேன் டீசல், சவுண்ட் சர்வீஸ் அட்வான்ஸ், கடைசி ராத்திரிப் பிள்ளைகள் சாப்பிட்ட பரோட்டா. அட்வான்ஸ் நவம்பரிலேயே கொடுத்திருப்பார்கள், அதனால் டிசம்பர்ப் பக்கத்தில் இருக்காது. பின் அட்டையில் பென்சிலில் இருக்கும். 1,350 ரூபாய். பில்லும் குண்டூசியில் குத்தி வைத்திருந்தது. நானே பார்த்தேன்.

சரி, இன்னும் சுற்றி வளைத்து என்ன. டெய்சி சித்தி போனைக் கொண்டுவந்து காட்டினாள். ராத்திரி 11.52. ‘மீதி 1,350 எந்த ஊழியத்துக்குப் போச்சு பிரதர்?’ உன் பெயர். அதற்குக் கீழே பதினான்கு சிரிக்கிற பொம்மை. பொருளாளர் எட்வின் ஒரு வார்த்தை பேசவில்லை. டிசம்பர் 29 அன்றைக்கு வெளியேறிவிட்டான். ஒருவர் வெளியேறினால் மற்றவர்களுக்கு அறிவிப்பு வராது, அட்மினுக்கு மட்டும் வரும் என்று ஜெனி சொன்னாள். அப்படியானால் உனக்கு வந்தது. வெளியேறினவர்கள் பெயர் குழு விவரத்தின் அடியில் 60 நாள் கிடக்குமாம். பிப்ரவரி 27 வரைக்கும் கிடக்கும்.

2020-ல் கோவில் பூட்டிக் கிடந்தபோது, ஒவ்வொரு பாட்டிக்கும் போன் பண்ணி எந்த இடத்தை அமுக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது நீதான். கனகு பாட்டி சாகிறவரைக்கும் உன் பேரைச் சொல்லித்தான் போனை எடுப்பாள். அதே கைதானா இது என்று எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அப்புறம்தான் யோசித்தேன். எல்லோர் முன்னாலும் திருத்துவதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நான்தான். வசனம் ஒப்பிக்கிற போட்டியில் 23-ம் சங்கீதத்தில் நீ ஒரு வரியை விட்டபோது முன் பெஞ்சிலிருந்து உரக்கச் சொன்னவள் நான். சபை சிரித்தது. நானும் சிரித்தேன், டீச்சர் பிள்ளைக்கே மறந்துபோச்சு என்று. உனக்கு எட்டு வயது. பரிசு வாங்கிக்கொண்டு இறங்கிவந்து நீ என் பக்கத்தில் உட்காரவில்லை, அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தாய். அதற்கு இன்றுவரைக்கும் நான் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது தம்பி.

இனிச் செய்ய வேண்டியது. எட்வினுக்கு மெசேஜ் வேண்டாம், வாய்ஸ் நோட்டும் வேண்டாம், போன் போடு. மூன்றாம் யோவானில் ‘மையினாலும் இறகினாலும் எழுத எனக்கு மனதில்லை’ என்று பெரியவர் எழுதுகிறாரே, சில காரியத்துக்கு எழுத்து ஆகாது. ‘மனது புண்பட்டிருந்தால் மன்னித்துக்கொள்’ என்று சொல்லாதே, அந்த ‘இருந்தால்’ இன்னொரு அடி. கணக்கைக் கேட்காமலேயே நீ எடுத்தாய் என்று தொனிக்கிற மாதிரி எழுதிவிட்டேன், தப்பு என்னுடையது என்று சொல். அவன் திட்டினால் கேட்டுக்கொள். அதற்கப்புறம், குழுவில் போடலாமா என்று அவனைக் கேள். எல்லோரும் பார்க்க நடந்தது எல்லோரும் பார்க்கத்தான் சரியாக வேண்டும், ஆனால் அவன் சம்மதத்தோடு. மூன்று வரி போதும்: கணக்கு சரி, அட்வான்ஸ் பின் அட்டையில் இருந்தது, தப்பாக எழுதியது நான். வசனம் சேர்க்காதே. அவனைக் கேட்காமல் திரும்பக் குழுவில் சேர்க்காதே, லிங்கை மட்டும் அனுப்பிவிட்டு விடு. வரும்போது வரட்டும்.

அவன் கடையை எட்டரைக்குத்தான் அடைக்கிறான். ஒன்பது மணிக்குப் போடு. பத்துக்கு மேல் ஆக்கிவிடாதே.

கோவில் அசன விருந்துக்கு வருவாயா என்று அப்பா கேட்கிறார், ரயில் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு. பெரியம்மா அதிரசம் செய்து வைத்திருக்கிறாள், பெங்களூருக்கு வருகிற ஆள் யாராவது இருந்தால் சொல்.

இப்படிக்கு,
அம்மா

பி.கு.: ஜெனியிடம் நோட்டைக் கேட்காதே. அப்படி ஒன்று கிடையாது.