துக்கம் ஆறாத கப்பல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ என்னும் அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சிக் கதையின் பழைய, புதிய தொடர்களை ஒப்பிட்டு வெளியான கட்டுரையைப் படித்தேன். 1978-இல் வந்தது சிறுபிள்ளை விளையாட்டு, 2003-இல் தொடங்கியதுதான் பெரியவர்கள் பார்க்கத் தக்கது என்று கட்டுரையாளர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய குறுந்தகடுகளின் புண்ணியத்தில் இரண்டையும் முழுவதும் பார்த்தவன் நான். எனக்கும் புதியதுதான் பிடிக்கும். ஆனால் அதற்காகப் பழையதை இப்படித் தூக்கி எறிந்திருக்க வேண்டாம்.

பன்னிரண்டு உலகங்கள் ஒரே நாளில் அழிகின்றன. சைலான் என்னும் இயந்திரப் படையிடம் தப்பியவர்கள் கையில் கிடைத்த கப்பல்களில் ஏறி, ஒரே ஒரு போர்க்கப்பலின் நிழலில் பூமியைத் தேடிப் போகிறார்கள். இதை யோசித்தவர் பழைய தொடரை உருவாக்கிய கிளென் லார்சன். புதிய தொடரை உருவாக்கிய ரொனால்ட் மூர் பிற்பாடு கட்டிய மாளிகைக்கு அஸ்திவாரம் அவர் போட்டதுதான். பழைய தொடரின் முதல் காட்சிகளில் ஆயிரம் ஆண்டுப் போர் முடிந்து சமாதானம் வரப்போகிறது என்று எல்லோரும் மகிழ்ந்திருப்பார்கள். அது சைலான்களின் சதி. 1978 செப்டம்பர் 17 அன்று அமெரிக்காவில் அது ஒளிபரப்பானபோது நடுவில் நிறுத்தி, எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் இடையிலான கேம்ப் டேவிட் சமாதான உடன்பாட்டை நேரலையில் காட்டினார்கள். பொய்ச் சமாதானக் கதையை நிறுத்திவிட்டு மெய்ச் சமாதானச் செய்தி! எந்தக் கதாசிரியரும் எழுதத் துணியாத பொருத்தம்.

சரி, வேறுபாடு எங்கே? தந்திரக் காட்சிகளில் என்கிறது கட்டுரை. நான் துக்கத்தில் என்பேன்.

தளபதி அடாமாவின் இளைய மகன் ஜாக் சாவதை இரண்டு தொடரிலும் பாருங்கள். பழையதில் அவன் விமானம் அடிபட்டுத் திரும்பி வருகிறது. தாய்க்கப்பல் கண்ணுக்கெட்டிய தூரத்தில். உதவிக்கு விமானங்களை அனுப்ப அதிபர் அனுமதி தரவில்லை. தகப்பன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளை எரிந்துபோகிறான். அடாமாவாக நடித்த லார்ன் கிரீன் அந்த இடத்தில் அதிகம் பேசுவதில்லை, முகம்தான் பேசும். பிறகு இடிந்து கிடக்கும் சொந்த வீட்டுக்குப் போய், இறந்துபோன மனைவியின் படத்தைப் பார்த்து நிற்பார். இதைப் பொம்மை விளையாட்டு என்று எப்படிச் சொல்கிறார்கள்?

ஆனால் அதே முதல் பகுதி முடிவதற்குள்ளாகவே எல்லோரும் ஒரு கிரகத்துச் சூதாட்ட விடுதியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். உலகங்கள் பன்னிரண்டும் போயின, பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூடக் காத்திருக்கவில்லை. வளர்த்த நாயைத் தாக்குதலில் இழந்த சிறுவன் பாக்சிக்கு ஓர் இயந்திர நாயைச் செய்து கொடுத்ததும் அந்தத் துக்கமும் முடிந்துவிடுகிறது. (அந்த இயந்திர நாய்க்குள் இருந்தது ஒரு சிம்பன்சி. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் காட்சிகளில் எனக்குக் கண்ணீர் வருவதில்லை.)

புதியதில் ஜாக் கதை தொடங்கும் முன்பே இறந்துவிட்டவன். கொன்றது சைலான் அல்ல. விமானம் ஓட்டத் தகுதியில்லாத அவனை, காதலித்த ஒரே காரணத்துக்காகத் தேர்ச்சி போட்டு அனுப்பியவள் பயிற்சியாளர் ஸ்டார்பக். அந்த உண்மையை அவள் அடாமாவிடம் சொல்லும் காட்சியில், புதிய அடாமாவாக நடித்த எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் கத்துவதில்லை. தாழ்ந்த குரலில் வெளியே போகச் சொல்கிறார். மகளைப் போல் நினைத்தவளிடம் சொல்கிறார். ஸ்டார்பக்கைப் பெண்ணாக மாற்றியது வெறும் புதுமைக்காக என்று எழுதியிருக்கும் கட்டுரையாளர் இதைக் கவனித்தாரா தெரியவில்லை. பழைய தொடரில் ஆணாக இருந்த ஸ்டார்பக்காக நடித்த டர்க் பெனடிக்ட்டும் இந்த மாற்றத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். அதில் அடாமாவின் மூத்த மகன் அப்பல்லோவாக நடித்த ரிச்சர்ட் ஹாட்சும் மறு ஆக்கத்தை எதிர்த்தவர்தான். பிறகு அந்த மறு ஆக்கத்திலேயே சிறைக்கைதி டாம் ஜாரெக்காக வந்து அசத்தினார்.

புதியதில் இன்னொன்று, எண்ணிக்கை. தப்பிப் பிழைத்தவர்கள் எத்தனை பேர் என்று அதிபர் ரோஸ்லின் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதிவைத்திருப்பார். ‘33’ என்னும் பகுதியில் 33 நிமிடத்துக்கு ஒருமுறை சைலான்கள் வந்து தாக்குகிறார்கள். ஐந்து நாளாக யாருக்கும் தூக்கமில்லை. 1,345 பேர் ஏறிய ஒரு கப்பலை, அது எதிரியின் கையில் விழுந்துவிட்டதோ என்ற ஐயத்தில் இவர்களே சுட்டு வீழ்த்த வேண்டியிருக்கிறது. கடைசியில் ஒரு குழந்தை பிறந்த செய்தி வருகிறது. ரோஸ்லின் எழுந்து போய் 47,972-ஐ 47,973 ஆக்குகிறார். அவ்வளவுதான் காட்சி. நான் அன்று அடுத்த குறுந்தகட்டைப் போடவில்லை.

புதிய தொடரின் தொடக்க இசையில் காயத்ரி மந்திரம் வருவதைக் கட்டுரை சொல்லவே இல்லையே! முதல் நாள் அது ஒலித்தபோது, சாயங்கால வேளையில் எந்தக் கோயில் ஒலிபரப்பு என்று மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். திரையில் அணுகுண்டு வெடித்துக்கொண்டிருந்தது.

புதியதன்மேல் எனக்கும் ஒரு கோபம் உண்டு. சைலான்களிடம் ஒரு திட்டம் இருப்பதாக ஒவ்வொரு வாரமும் அறிவித்தார்கள். கடைசிவரை உருப்படியான திட்டம் எதுவும் கண்ணில் படவில்லை. 2009-இல் வந்த முடிவோ அதைவிட மோசம். 1,50,000 ஆண்டுகளுக்கு முந்தைய பூமியில் இறங்குகிறார்கள். மருந்து, கருவி, கப்பல் எதுவும் வேண்டாமென்று கப்பல்களைச் சூரியனுக்குள் அனுப்பிவிடுகிறார்கள். பிரசவத்துக்கு என்ன செய்வோம் என்று ஒரு தாய்கூடக் கேட்கவில்லை. நான்கு பருவங்கள் ஒவ்வோர் உயிராக எண்ணியவர்கள்! அந்த வெள்ளைப் பலகையும் கப்பல்களோடு சூரியனுக்குள்தான் போயிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி.