இந்த முறை லீவை விற்காதே, மகன்

குருமண்வெளி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் போன் வந்த உடனே கடைக்குட்டி பறித்துக்கொண்டு ஓடுகிறான், அவனிடமிருந்து சின்னத் தங்கச்சி பறிக்கிறாள், என் கைக்கு வரும்போது உனக்கு டியூட்டி பஸ் வந்துவிடுகிறது. அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். பெரிய தங்கச்சி படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். நீயும் அறைக்கு வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு படி.

போன கிழமை நீ அப்பாவிடம் சொன்னது எனக்குத் தெரியும். இந்த முறையும் கட்டாரில் இருந்து லீவுக்கு வராமல், லீவுக் காசையும் டிக்கெற் காசையும் எடுத்துத் தங்கச்சி வீட்டுக் கூரைக்கு அனுப்பப் போகிறாயாம். அப்பா ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டார். நான் சொல்கிறேன். வேண்டாம் மகன். அந்தக் காசு வேண்டாம், நீ வா.

கடைக்குட்டியில் இருந்து தொடங்குகிறேன். உனக்கு ஆகக் குறையத் தெரிந்தது அவனைத்தான். நீ போகும்போது அவனுக்கு ஆறு வயது, முன்பல்லு இரண்டும் விழுந்திருந்தது. இப்போது பத்து வயது. உன்னுடைய பழைய லுமாலா சைக்கிளை அப்பா பின்விறாந்தையில் சாக்கு போட்டு மூடி வைத்திருந்தார் அல்லவா? ஒருநாள் பள்ளி விட்டு வந்து அதைத் தானே இழுத்து வெளியில் எடுத்துவிட்டான். சீற்றில் இருந்தால் கால் எட்டாது. பாருக்குள்ளால் வலது காலை விட்டு, உடம்பை ஒரு பக்கம் சரித்து, அரைச் சுற்று அரைச் சுற்றாக மிதித்துக்கொண்டு கோயில் வீதியில் ஓடினான். விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தான், கழுவி விட்டேன், மறுகா ஓடினான். சரியாக ஓட வந்ததும் அவன் கேட்ட முதல் காரியம், "அக்கா, அண்ணாக்கு வீடியோ எடுங்க" என்பதுதான். நீ பார்த்துவிட்டு ஒரு பெருவிரல் அனுப்பினாய். உனக்கு அது வேலை நேரம், எனக்கு விளங்குகிறது. ஆனால் அன்று இரவு படுக்கும்வரை அவன் அந்தப் பெருவிரலைத் திறந்து திறந்து பார்த்தான்.

இந்த வருஷம் அவனுக்கு ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை. விடிய ஐந்து மணிக்கு ஒழும்புகிறான். பள்ளி, அது விட்டால் டியூஷன், வீட்டில் மறுகா வினாத்தாள். ஊரில் யாரைக் கண்டாலும் 200க்கு எத்தனை எடுப்பான் என்றுதான் கேட்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளையிடம் இப்படிக் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்து பிள்ளைகளில் இதுவரை நாலு பேர் அந்தப் பரீட்சை எழுதியிருக்கிறீர்கள், வெட்டுப்புள்ளி தாண்டியவள் பெரிய தங்கச்சி மட்டும்தான். மற்ற மூன்று பேரும் எந்த விதத்திலும் குறைந்து போகவில்லை. இரவு ஒன்பது மணிக்குக் கொப்பியை மூடச் சொல்லிவிடுகிறேன். அதற்கு மேல் படிக்க வைப்பதில்லை.

போன வாரம் அலுமாரி துப்புரவாக்கும்போது உங்கள் ஐந்து பேருடைய கிளினிக் கொப்பிகளும் அகப்பட்டன. ஒரே சொப்பிங் பையில் சுற்றி வைத்திருந்தேன். உன்னுடையது மஞ்சளித்து ஓரம் உதிர்ந்து போயிருக்கிறது. நிறைக்கோடு ஐந்து பேருக்கும் ஐந்து விதம். நீ பிறந்த நாளில் இருந்து கோட்டுக்கு மேலே. பெரியவள் எட்டாம் மாதத்தில் கீழே இறங்கி, மிட்வைஃப் மிஸ் திரிபோஷா சத்துமா எழுதித் தந்து, நான் அதைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருட்டிக் கொடுத்து மேலே கொண்டுவந்தேன். நடுவிலான் ஒன்றரை வயதுவரை நடக்கவே இல்லை. எல்லோரும் பயப்படுத்தினார்கள், அம்மம்மா மட்டும் "நடப்பான், விடு" என்றா. இப்போது அவனை வீட்டில் பிடித்து வைக்க முடியவில்லை.

உனக்கு முதல் பல்லு முளைத்தபோது கொழுக்கட்டை அவித்துத் தலையில் கொட்டினோம். தட்டில் கொப்பி, பேனை, சங்கிலி, நெல் எல்லாம் வைத்தோம். நீ எதையும் பார்க்காமல் நெல்லுக்குள் கையை விட்டு அள்ளி வாயில் போட்டாய். அப்பாவுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் பிறகு பெரிய விளைச்சல் வந்தபோதும் காணவில்லை.

2011 தை வெள்ளம் உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். சின்னத் தங்கச்சி கைக்குழந்தை. இரவோடு இரவாக வளவுக்குள் தண்ணீர் ஏறி, பள்ளிக்கூடத்துக்குப் போனோம். வாங்குகளைச் சேர்த்துப் போட்டுப் பிள்ளையை அதில் கிடத்தினேன். நனைந்த துணியைக் காயவைக்க வழியில்லை. நீ உன் சேட்டைக் கழற்றிப் பிள்ளைக்குச் சுற்றிவிட்டு, அப்பாவின் துவாயைப் போர்த்திக்கொண்டு விடியும்வரை குந்தியிருந்தாய். அப்போது நீயும் சின்னப் பிள்ளைதான். யாரும் உன்னிடம் சொல்லவில்லை. நீயாகவே செய்தாய். அன்றிலிருந்து இன்றுவரை அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறாய் மகன்.

அந்தக் கைக்குழந்தைதான் போன வருஷம் பெரியபிள்ளை ஆனாள். நீ காசு அனுப்பி, மண்டபம் எடுத்துப் பெரிதாகச் செய்யச் சொன்னாய். நான் மண்டபம் எடுக்கவில்லை. இப்போது இங்கே சாமத்திய வீட்டைக் கல்யாணத்தை விடப் பெரிதாகச் செய்கிறார்கள். கடன்பட்டுச் செய்து, பிறகு அந்தப் பிள்ளையின் படிப்புக்குக் காசில்லாமல் நிற்பவர்களை நான் கண்ணால் காண்கிறேன். மாமி வந்து தண்ணி வார்த்தா. பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடிக்கப் பிள்ளை பட்ட பாடு! மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு ஓடிப்போய்ச் சீனி தின்றாள். உளுத்தங்களியை மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். முற்றத்தில் பந்தல் போட்டு, இனசனத்துக்கு மட்டும் சாப்பாடு கொடுத்தோம். குடும்பப் படம் எடுக்கும்போது அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விடச் சொன்னாள். படக்காரத் தம்பி, "பிறகு அண்ணாவை அதில் போட்டுத் தரலாம் அக்கா" என்று என்னிடம் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். மிச்சக் காசு அவளுடைய பெயரில் வங்கியில் கிடக்கிறது.

நடுவிலானைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் யோசனை. உயர்தரம், ஏ.எல்., தொழில்நுட்பப் பிரிவில் படிக்கிறான். கெட்டிக்காரன், கை வேலை நன்றாக வரும். சனி ஞாயிறுகளில் அப்பாவோடு வாவி கடக்கிற பாதைப் படகில் ஏறி மண்டூர்ப் பக்கம் வயல் வட்டைக்குப் போய்விடுகிறான். கதிர் முற்றினால் யானை இறங்குகிறது, ஆட்கள் பரணில் நித்திரை முழித்து வெடி போட்டுக் காக்க வேண்டியிருக்கிறது. அப்பாவின் முழங்கால் வருத்தத்துக்கு அவன் போவது பெரிய உதவி. ஆனால் அன்றைக்குச் சாப்பிட இருந்தபோது, "ஏ.எல். முடிய நானும் கட்டாருக்குப் போறன், அண்ணாக்கு எத்தனை நாளைக்குப் பாரம்" என்றான். எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே கோடையில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை பத்து மணியில் இருந்து பின்னேரம் மூன்றரை வரை வெளி வேலை நிறுத்தம் என்று நீதான் சொன்னாய். அந்த நேரத்துக்கும் சேர்த்து நீ இரவில் ஓவர்டைம் செய்கிறாய் என்பதையும் நீதான் வாய் தவறிச் சொன்னாய். அதையெல்லாம் நீ அவனுக்குச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அம்மாவின் பயம் என்பான். நீ அவனோடு வயல் வரம்பில் நடந்து கதைத்தால் கேட்பான். போனில் கதைத்தால், "சரி அண்ணா, சரி அண்ணா" என்று வைத்துவிடுவான்.

இனி வீட்டுக் கதை. நம்முடைய பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை வந்து அங்கே குடியிருப்பார், அண்ணன் தம்பிமார் அதற்காக உழைப்பார்கள். இதை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. உன் மாமாமாரும் அப்படித்தான் உழைத்தார்கள். அம்மம்மா இந்த வீட்டை எனக்கு எழுதிய அன்று நொத்தாரிசுக்கு முன்னால் சாட்சிக் கையெழுத்து வைத்ததும் அவர்கள்தான். ஆனால் அவர்கள் வீடு கட்டியது இந்த ஊரில் இருந்துகொண்டு. பொழுதுபட்டால் இதே முற்றத்தில் வந்து இருந்து தேத்தண்ணி குடித்தார்கள்.

பெரிய தங்கச்சிக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. பொருத்தம் நல்லது, பெடியனும் நல்ல பெடியன் என்கிறார்கள். வீட்டைப் பற்றிக் கேட்டார்கள். 2022இல் சீமெந்து ஏறிய விலையில் லிண்டல் மட்டத்தோடு நின்ற சுவர் இன்னும் அப்படியே நிற்கிறது. கூரைக்கு மேசன் சொன்ன கணக்கைக் கேட்டுத்தான் நீ லீவை விற்க யோசித்தாய் என்று நினைக்கிறேன். தங்கச்சிக்கு இது தெரியவந்ததும் என்ன சொன்னாள் தெரியுமா? "அண்ணாட லீவை வித்து எனக்குக் கூரை போட வேணாம்மா. அப்படிப் போட்ட கூரைக்குக் கீழ எனக்கு நித்திரை வராது."

அதனால் நானும் அப்பாவும் இப்படி முடிவெடுத்திருக்கிறோம். நாங்கள் இருக்கிற இந்த வீட்டை அவளுக்கு எழுதிவிடுகிறோம். அந்தப் புது வீட்டில் இரண்டு அறைக்கும் குசினிக்கும் இப்போதைக்குக் கூரைச் சீற் போட்டால் காணும், நாங்கள் சின்னதுகளோடு அங்கே போய் இருப்போம். இங்கே எத்தனையோ குடும்பம் அப்படித்தான் செய்திருக்கிறது. மிச்சத்தை மெல்ல மெல்லக் கட்டலாம். அது மறுகா சின்னத் தங்கச்சிக்கு. அவளுக்கு இன்னும் காலம் கிடக்கிறது. மாப்பிள்ளை வீட்டாருக்கும் சொல்லிவிட்டோம், அவர்களுக்குச் சம்மதம்.

நீ செய்ய வேண்டியது லீவுக்கு எழுதிக் கொடுப்பது மட்டும்தான். மண்டூர்த் தீர்த்தம் ஆவணிப் பூரணையில் வருகிறது. அதற்கு முன்னம் வந்தாயானால் தம்பியின் பரீட்சை எப்படிப் போனது என்று அவன் வாயாலேயே கேட்கலாம், எல்லாரும் சேர்ந்து பாதையில் போய்ச் சாமியும் கும்பிடலாம். சம்பந்தக்காரரையும் நீ இருக்கும்போதே கூப்பிடுவோம், அண்ணன் இல்லாமல் அந்தக் கதையை முடிக்க எனக்கு விருப்பமில்லை.

சாமான் ஒன்றும் கட்டிக்கொண்டு வராதே. டாங், நிடோ, சோப்பு ஒன்றும் வேண்டாம். அப்பாவின் முழங்காலுக்குக் கோடாலித் தைலம் இரண்டு போத்தல் போதும். கட்டுநாயக்காவில் இறங்கி வானுக்குக் காசைக் கொட்டாதே. கொழும்பில் இருந்து கல்முனை பஸ்ஸில் இரவு ஏறினால் விடியக் களுவாஞ்சிகுடியில் இறங்கலாம், நடுவிலான் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்பான். டிக்கெற் போட்டதும் தம்பிக்கு நீயே சொல்லு, நான் சொல்ல மாட்டேன். வேளைக்குச் சாப்பிடு, வெயிலுக்குத் தலையை மூடு.

அன்புடன்,
அம்மா