சரோவுக்கு, அந்தப் பழைய மாத்திரையைப் பற்றி

அன்புள்ள சரோ,

போன வாரமே எழுதியிருக்க வேண்டும். பேரனுக்குக் காய்ச்சல், மகளுக்கு லீவு கிடைக்கவில்லை, சிங்கப்பூருக்குள்ளேயே செங்காங்குக்கும் அங் மோ கியோவுக்கும் பஸ் ஏறி இறங்கியே நாள் போய்விட்டது. இப்போது தேறிவிட்டான், என்னைத்தான் படுத்துகிறான். போன் பண்ணாதே, மருமகள் காதில் விழும் என்று நீ சொன்னதால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். உமறுப் புலவர் பள்ளியில் என் கட்டுரைகளைத் திருத்தித் தந்தவள் நீதான், இதையும் மனதுக்குள் திருத்திப் படித்துக்கொள்.

சரி, மாத்திரை விஷயம். டாக்டர் உன் மனச்சோர்வுக்கு நார்ட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்தார், நீ உள்ளே இருந்த தாளை முழுக்கப் படித்தாய், படித்த கையோடு அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டாய். "அறுபது வருஷத்துப் பழைய மருந்தை வயசானவள் தலையில் கட்டுகிறார்கள்" என்று எழுதியிருக்கிறாய். நான் டாக்டர் இல்லை, தெரியும்தானே, பலதுறை மருந்தகத்தில் மருந்து எடுத்துக் கொடுத்துக் காலம் தள்ளியவள். ஆனால் இந்த மாத்திரைகளை வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து கவுண்ட்டரில் என்ன சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும், வீட்டிலும் ஒருவர் இதன் அண்ணன் முறை மாத்திரையைச் சாப்பிடுகிறார், அந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் பழசு, புதுசு என்கிற பேச்சை விடு. புது மருந்தில்தானே நீ ஆஸ்பத்திரி வரை போனாய்? செர்ட்ராலின் தொடங்கிக் கொஞ்ச நாளில் சோடியம் இறங்கி, தலை சுற்றி, பேச்சுக் குழறி, எல்லாரும் பக்கவாதம் என்று பயந்துபோனோம். நம் வயதுப் பெண்களுக்கு அந்த வகை மருந்தில் அப்படி ஆவது உண்டு. அடுத்துக் கொடுத்ததில் பகல் முழுக்கத் தூங்கி வழிந்தாய், ராத்திரி பிஸ்கட் டின்னைக் காலி பண்ணினாய். ஆக இரண்டு வகை பார்த்துவிட்டுத்தான் டாக்டர் இதற்கு வந்திருக்கிறார், மனுஷன் கிடங்கைக் காலி பண்ணவில்லை.

இந்த மருந்துகள் பிறந்த கதையே வேடிக்கையானது. 1952 வாக்கில் நியூயார்க்கில் ஸ்டேட்டன் தீவில் ஒரு காசநோய் மருத்துவமனையில் இப்ரோநையசிட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், நுரையீரலுக்குத்தான், ஆனால் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் உற்சாகமாக எழுந்து நடமாட ஆரம்பித்தார்கள். அதே பத்தாண்டில் சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் குன் என்ற மனநல மருத்துவர் வேறொரு மனநோய்க்கென்று வந்த இமிப்ரமைனைக் கொடுத்துப் பார்த்தபோது, அந்த நோய்க்கு அது உதவவில்லை, மனச்சோர்வில் இருந்தவர்கள்தான் தெளிந்தார்கள். 1957இல் அதை எழுதி வெளியிட்டார். உன் நார்ட்ரிப்டிலின் அந்த இமிப்ரமைன் வம்சம். முதல் மருந்தில் எதைப் பக்கவிளைவு என்று சொல்லியிருப்பார்களோ அதுவே பிறகு மருந்தாகிவிட்டது, யோசித்தால் சிரிப்பு வருகிறது.

இன்னொன்று, நீ சம்பல் பெலாச்சானையும் சோயா சாஸையும் நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தாய். எடுத்துச் சாப்பிடடி! நீ படித்தது வேறு வம்சம். இப்ரோநையசிட் வழியில் வந்த ஃபெனெல்சின், ட்ரானில்சிப்ரமின் போன்றவற்றுக்குத்தான் அந்தப் பத்தியம். நாள்பட்ட சீஸ், கருவாடு, தவ்ச்சியோ, சோயா சாஸ் மாதிரி புளிக்கவைத்த சாமானில் டைரமின் என்று ஒன்று இருக்கிறது, சாதாரணமாக உடம்பு அதைச் சிதைத்துவிடும், அந்த மாத்திரைகள் சிதைக்கவிடாது, ரத்த அழுத்தம் திடீரென்று எகிறி மண்டை பிளக்கும், மூளையில் ரத்தக் கசிவுகூட ஆகலாம். 1963 வாக்கில் இங்கிலாந்தில் சீஸ் சாப்பிட்டவர்களுக்கு இப்படி ஆனதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். நம்மூர் உணவங்காடியில் சாஸ் இல்லாமல் சாப்பிட எதைத் தேடுவது, அதனால் அந்த மாத்திரைக்காரர்கள் பாடு இங்கே திண்டாட்டம்தான். உனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

உனக்கு வரக்கூடியது வாய் உலர்வது, மலச்சிக்கல், பார்வை கொஞ்சம் மங்குவது, சிறுநீர் தயங்குவது. தாளில் தனித்தனியாக நாலு வியாதி மாதிரிப் போட்டிருப்பதால் பயமாக இருக்கிறது, உண்மையில் எல்லாம் ஒரே காரணம்தான். அசிட்டைல்கோலின் என்று உடம்பில் ஒரு தூதுப்பொருள், எச்சில் சுரக்கவும் குடல் நகரவும் சிறுநீர்ப்பை சுருங்கவும் அதுதான் வேலை செய்கிறது, இந்த மருந்து அதையும் சேர்த்து மறிக்கிறது. இது போக எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கும், தூக்கம் வரும், எடை கூடலாம். அமிட்ரிப்டிலினில் இதெல்லாம் கூடுதல். அமிட்ரிப்டிலின் உடம்புக்குள் போய் மாறுவதே நார்ட்ரிப்டிலினாகத்தான், அதனால் உன் டாக்டர் அந்த வீட்டில் கொஞ்சம் சாதுவான பிள்ளையைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

எங்கள் வீட்டுக் கதையைக் கேள். இவருக்கு அக்கி வந்து போன பிறகு விலாவில் எரிச்சல் நிற்கவேயில்லை, சட்டை உரசினால்கூடக் கத்துவார். அதற்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், ராத்திரி ஒன்று. மனச்சோர்வுக்கு 75, 150 வரை போவார்கள், நரம்பு வலிக்கு இந்தப் பொடி அளவே பலருக்குப் போதும். அந்தப் பொடி அளவிலேயே வாய் உலர்ந்து, நடுராத்திரி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்று எழுந்து உட்காருவார். புளிப்பு மிட்டாயாக வாங்கிச் சப்பினார், பல் மருத்துவர் சத்தம் போட்டார், எச்சில் குறைந்த வாயில் சர்க்கரை சேர்ந்தால் பல் சொத்தையாகாமல் என்ன செய்யும். இப்போது சர்க்கரை இல்லாத மிட்டாய், தலைமாட்டில் தண்ணீர். டாய்லெட்டுக்கு எழுந்தால் முதலில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, கணுக்காலைக் கொஞ்ச நேரம் ஆட்டிவிட்டு, கட்டில் தலைப்பலகையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். கிழவருக்கு என்னமோ டிரில் என்று நான் கேலி பண்ணுவேன், ஆனால் அதை நீயும் பண்ணு, உன் எலும்பு ஸ்கேன் ரிப்போர்ட்டைத்தான் எனக்கும் அனுப்பியிருந்தாயே, ராத்திரியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால் மனச்சோர்வெல்லாம் சின்ன விஷயமாகிவிடும்.

ஒரு தடவை சளி பிடித்து, கடையில் குளோர்ஃபெனிரமின் வாங்கிப் போட்டுக்கொண்டார். அவருக்கு ஏற்கனவே புராஸ்டேட் தொந்தரவு. ராத்திரி முழுக்க முக்கி முனகியும் சொட்டுச் சொட்டாகத்தான் போனது. அந்த மூக்கொழுகல் மாத்திரையும் அதே அசிட்டைல்கோலினை மறிக்கும் சாதி, இரண்டும் சேர்ந்துகொண்டன. டாக்டரிடம் சொன்னோம், சளி மருந்தை மாற்றிக் கொடுத்தார். பழைய மாத்திரைகளில் பாதிக் கஷ்டம் இப்படிப் பக்கத்தில் எது நிற்கிறது என்பதில்தான். நீ பாட்டுக்கு முட்டிவலிக்கு யாரோ கொடுத்த ட்ரமடால், சளிக்கு ஒன்று, அரிப்புக்கு ஒன்று என்று போடுகிறவள், அந்தப் பையை அப்படியே டாக்டர் மேசையில் கொட்டிக் காட்டு.

அமிட்ரிப்டிலினைப் பற்றி ஒன்று படித்தேன், உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. 2018இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் 21 மனச்சோர்வு மருந்துகளை 522 ஆய்வுகளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எது நன்றாக வேலை செய்கிறது என்ற வரிசையில் முதலில் நின்றது இந்தக் கிழட்டு அமிட்ரிப்டிலின்தான். ஆனால் தாங்க முடியாமல் பாதியில் விட்டவர்கள் அதிகமாக இருந்த மருந்துகளிலும் அது உண்டு. 1987 கடைசியில் அமெரிக்காவில் ஃப்ளூஆக்ஸெட்டின் வந்த பிறகு இதெல்லாம் பின்வரிசைக்குப் போனதற்குக் காரணம் குணமாக்காது என்பதில்லை, சாப்பிடுகிறவர்கள் பொறுத்துக்கொள்வது கஷ்டம் என்பதும், அளவு மீறினால் இதயத்தைப் பிடித்துவிடும் என்பதும்தான்.

அந்தக் கடைசி விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். மாமா போன பிறகு ஒரு நாள், "நானும் போய்விட்டால் யாருக்கு என்ன" என்று சொன்னாய். இப்போதும் அந்த நினைப்பு வருகிறதா? வந்தால் டாக்டரிடம் மாத்திரை தொடங்கும் முன்பே சொல்லிவிடு, அவர் திட்டமாட்டார், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மருந்து கொடுப்பார், அதற்காகத்தான் அவர்கள் கேட்பதே. போலீஸ் கீலீஸ் என்று அந்தக் காலத்துப் பயம் வேண்டாம், 2020 ஜனவரியிலிருந்து தற்கொலை முயற்சி இங்கே குற்றமில்லை. நடுராத்திரியில் தோன்றினால் 1767 என்ற உதவித் தொலைபேசி எண் இருக்கிறது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். அதற்கு முன்னால் நான் இருக்கிறேன், மருமகள் காது கிடக்கட்டும். அப்புறம் பெட்டியைத் துணிக்கு அடியில் வைக்காதே, பேத்தி எட்டுகிற இடம் அது, குழந்தைகளுக்கு இது விஷம் மாதிரி. பூட்டிவை.

தொடங்கினால் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தாய். முதல் இரண்டு மூன்று வாரம் நியாயமே இல்லாமல் இருக்கும். வாய் உலர்வதும் மந்தமும் முதல் ராத்திரியிலேயே வந்துவிடும், மனசு தெளிவது மெதுவாகத்தான் வரும். தராசில் ஒரு தட்டில் மட்டும் கல் விழுந்துகொண்டிருக்கும்போது நிறுத்துப் பார்த்தால் யாருக்கும் வேண்டாம் என்றுதான் தோன்றும், பலர் அந்த நேரத்தில்தான் நிறுத்துகிறார்கள், கவுண்ட்டரில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். மந்தம் பெரும்பாலும் குறைந்துவிடும், வாயும் வயிறும் கூடவே வரும், பப்பாளியும் தண்ணீரும் நடையுமாகச் சமாளிக்கலாம். குழப்பம், மறதி, எதையாவது எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுவது, நெஞ்சு படபடப்பு, மயக்கம், சிறுநீர் அடைப்பு, இதில் எது வந்தாலும் சமாளிக்காதே, அன்றே சொல்லு. நீயாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, குமட்டலும் தூக்கமின்மையுமாக ஆட்டிவைக்கும், படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். இந்த மருந்துக்கு ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனையும் உண்டு, ஒரு அளவுக்குக் கீழே பலனில்லை, மேலே போனாலும் பலன் குறைகிறது என்பார்கள், எனவே மாத்திரையைக் கூட்டினால் சீக்கிரம் சரியாகும் என்று நீயாகக் கணக்குப் போடாதே.

நான் உன் இடத்தில் இருந்தால் சாப்பிட்டுப் பார்ப்பேன். நீ தூங்கி மாதக் கணக்காகிறது, தேக்காவுக்குக் கூப்பிட்டால் வருவதில்லை, தீபாவளிக்கு முறுக்குகூடப் பிழியவில்லை, இதுவும் ஒரு விளைவுதானே, இதை மட்டும் ஏன் கணக்கில் சேர்க்காமல் விடுகிறோம்? உன் அம்மாவின் நிலைமையை "உட்பிரிட்ஜ் கேஸ்" என்று தெருவில் பேசினார்களே, அந்தச் சொல்தான் உன்னை இன்னும் மாத்திரைப் பெட்டியைத் திறக்கவிடாமல் பிடித்திருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம். அந்த உட்பிரிட்ஜ் மனநல மருத்துவமனை 1993இலேயே புவாங்கோக்குக்குப் போய் மனநலக் கழகம் ஆகிவிட்டது, மனச்சோர்வு சர்க்கரை வியாதி மாதிரியே மெடிசேவ் மருத்துவச் சேமிப்பில் காசு எடுக்கிற நோயாகிவிட்டது, அந்தத் தெருவே இடித்துப் புளோக் எழும்பிவிட்டது, அந்த வாய்கள் மட்டும் உனக்குள் இருக்கின்றன.

தொடங்கும் முன்னால் இதயத்துக்கு ஈசிஜி எடுத்தார்களா என்று கேள், எடுக்கவில்லையென்றால் எடுக்கச் சொல்லு. அடுத்தது கண். போன சித்திரையில் உன் கைப்பையில் ஒரு சொட்டு மருந்து பார்த்தேன். கண்ணீர் உலர்வதற்கென்றால் ஒன்றுமில்லை, கண் அழுத்தத்துக்கென்றால், அதிலும் கோணம் குறுகிய வகை என்றால், இந்த மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே கண் டாக்டரும் மனநல டாக்டரும் பேசிக்கொள்ள வேண்டும். அந்தச் சொட்டு மருந்தின் பெயரை இன்று ராத்திரியே பார்த்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
கமலா